எலிப் பந்தியில் பாசிப் பாயசம்

எலிகள் பிழைத்துக்கொண்டதுதான் லின்சிக்கு வந்த வினை.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், புற்றுக்கட்டி வளரவிட்ட எலிகளை அவள் இரண்டு வரிசையாகக் கூண்டில் வைத்திருந்தாள். இடது வரிசைக்குச் சத்தியமங்கலத்துக் குளத்துப் பாசியின் சாறு. வலது வரிசைக்கு வெறும் தண்ணீர். இங்கே கட்டி கரைந்து அங்கே வளர்ந்தால்தான் பாசிக்குப் பெயர், அவளுக்கு டாக்டர் பட்டம். ஆனால் இரண்டு பக்கமும் கட்டி கரைந்து, எலிகள் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவை போல மினுமினுத்தன.

வழிகாட்டி கிளமென்ட் விட்ட பெருமூச்சில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது.

"தண்ணி குடிச்ச எலிக்கும் கட்டி கரைஞ்சா உன் பாசி எதுக்கும்மா? நாளைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி வேற தலைப்பு எடு."

பாசி அள்ளப் போய் அவள் வழுக்கி விழாத குளம் கொங்குநாட்டிலேயே கிடையாது. அத்தனையும் வீணா? கூண்டு கூண்டாக உற்றுப் பார்த்தாள். வலது வரிசையில் ஓர் எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மீசை பச்சை!

"தெய்வாத்தாக்கா!"

எலிகளுக்குத் தீனி வைக்கும் தெய்வாத்தாள் விளக்குமாறோடு வந்தாள். "வாரேனுங் அம்மணி, என்னுங்க?"

"இந்தப் பக்கத்துக்கும் சாறு ஊத்துனீங்களா?"

"பின்னே? ஒரே பந்தியில உக்கார வெச்சுப்போட்டு இவனுக்குப் பாயசம், அவனுக்குப் பச்சத்தண்ணின்னா அடுக்குமுங்களா? அதுக மூஞ்சியப் பாத்துட்டுப் போயி ஊட்ல எனக்குச் சோறு எறங்குமா? மிச்சமிருந்த சாத்தைப் பங்கு வெச்சுப்போட்டேனுங்க."

"என் பட்டத்தையே பங்கு வெச்சுட்டீங்களேக்கா!" என்று தலையில் வைத்த கையை உடனே எடுத்து, லின்சி அவளைக் கட்டிக்கொண்டாள். அப்படியானால் பாசி தோற்கவில்லை!

விஷயம் கேட்ட கிளமென்ட் சிரித்த சிரிப்பில் புது எலிகளுக்கு அனுமதி கிடைத்தது. இந்த முறை லின்சி, வலது வரிசைத் தண்ணீரில் கேக்குக்குப் போடும் பச்சை வண்ணத்தைக் கலந்து கொடுத்தாள். இரண்டு பக்கமும் பச்சை. தெய்வாத்தாள் மனம் குளிர ஊற்றினாள்.

வாரங்கள் ஓடின. இடப்பக்கக் கட்டிகள் கடுகாயின. வலப்பக்கக் கட்டிகளோ, லின்சியின் சந்தோஷக் கண்ணுக்குப் பொள்ளாச்சித் தேங்காய். அவள் கிளமென்ட்டுக்குப் போன் போட்டபோது, தெய்வாத்தாள் வலப்பக்கக் கூண்டின் முன் கவலையோடு நின்றாள்.

"ஏனுங் அம்மணி, ஒரே பாயசந்தானுங்களே ஊத்துனேன்? இந்தப் பக்கத்துக்கு இனிப்புப் பத்தலையாட்ட இருக்குதுங்க" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அச்சுவெல்லம்.

லின்சி பாய்ந்த பாய்ச்சலில் போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வெல்லம் மட்டும் பத்திரமாக அவள் வாயில்.