பாதி டாக்டர்

மருந்துக்கடைக்காரரைத் தெருவில் ‘பாதி டாக்டர்’ என்பார்கள். இருமிக்கொண்டு யார் வந்தாலும் விசாரித்த பிறகுதான் மருந்தை எடுப்பார். சளி துருநிறத்தில் வருகிறதா, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறதா என்று கேட்பார். ஆமாம் என்றால் மருந்தே கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு இருமல் வந்தபோது, துணித் தூசிதான் காரணம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து வீட்டுக்கு வந்தது. இருமலோடு வந்த காய்ச்சல் நடுவில் விட்டது. அவளும் வேலைக்குப் போனாள். இரண்டே நாளில் அது முன்னைவிட வேகமாகத் திரும்பியது. விலாவில் குத்துகிறது என்றாள். நாள் பூராவும் மெஷினில் குனிந்திருந்தால் குத்தாமல் என்ன செய்யும் என்றார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

மறுநாள் மதியம் அவளுடைய அக்கா சும்மா போன் செய்தாள். தங்கையால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. பேச்சோடு பேச்சாக, அம்மா சாப்பிட்டாச்சா என்று வேறு கேட்டாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அக்கா பதறிப்போய் வண்டி பிடித்து வந்தாள். தங்கையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடைக்குச் சொன்னபோது, கூட்டமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வருகிறேன் என்றார் கடைக்காரர்.

நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் துளையிட்டுக் குழாய் போட்டார்கள். விட்ட காய்ச்சல் திரும்பியபோதே ஏன் கூட்டிவரவில்லை என்று, பின்னால் வந்து சேர்ந்த கடைக்காரரிடம் டாக்டரம்மா கேட்டார்.

“ஊருக்குத்தான் உபதேசம், டாக்டர்,” என்றாள் அக்கா. “வீட்ல இருமினா இவருக்கு அது வெறும் சத்தம்.”

மூன்று வாரம் கிடந்து பிழைத்தாள். அவர் தினமும் வந்து பழம் உரித்துக் கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள். வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

“உடம்பு தேறுற வரைக்கும்தானே?”

“இதெல்லாம் தெரியாத மனுஷன் கவனிக்காம விட்டிருந்தா மன்னிச்சிருப்பேன்,” என்றாள். “உங்களுக்குத் தெரியும்.”

பையை அவர்தான் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு படிகள். இறங்குவதற்குள் அவள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர் கையை நீட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.