வாப்பா என்ற வரி

வாப்பாவின் ஜனாஸா தாராவிச் சந்தின் முனையைத் திரும்பிய நேரத்தில், வீட்டுக்குள் மருந்து மணி அடித்தது. நாலரை. வாப்பா மாத்திரை போடும் நேரம்.

ஆண்கள் எல்லாரும் அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் போய்விட்டார்கள். தமன்னா சன்னலை விட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் தூங்காத கண்ணுக்கு மழை வெளிச்சமும் ஊதுபத்திப் புகையும் ஒன்றாகத் தெரிந்தன. வீடு தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதந்தது.

உம்மா ரஷீதாவின் கை, பழக்கத்தில் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது.

"அத பந்த் பண்ணு புள்ள. கேக்க முடியல."

மணி தமன்னா வைத்ததுதான். வீட்டுக் கணினியில் ஒரே ஒரு கோப்பு. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால் போதும், கணினி அப்படியே ஆக்கிவிடும். நாமாக உண்டாக்கும் அமைப்புகள் கணினியின் சொந்தப் பெயர்களோடு மோதாமலிருக்க, எல்லாவற்றையும் நம்முடைய ஒரு பெயருக்குக் கீழே வைப்பது வழக்கம். ஆள் பெயரை மட்டும் வைக்காதே, ஆள் நிலையில்லை என்று ஆபீஸில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவள் கேட்டால்தானே! ‘வாப்பா’ என்று வைத்தாள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மணி எல்லாம் அதற்குக் கீழே; அந்தப் பெயருக்கு ‘ஆம்’ என்றிருந்தால்தான் அவை ஓடும். வாப்பா கரீம் பாட்சா ஒரு வாரம் தன் தோல் பட்டறையில் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்: "நம்ம பேருலதாம்வே வீடே ஓடுது!"

தமன்னா அந்தக் கோப்பைத் திறந்தாள். கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. கை முதல் வரிக்கே போயிற்று. வாப்பா: ஆம். அதை ‘இல்லை’ என்று மாற்றினாள்.

மணி நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறி தயங்கித் தயங்கி ஓய்ந்தது. மோட்டாரும் அடங்கிவிட்டது.

"என்ன புள்ள செஞ்ச?"

"வாப்பாவ எடுத்துட்டேம்மா. எல்லாம் போயிருச்சு." அதுவரை அடக்கி வைத்தவள் வாய்விட்டு அழுதாள்.

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, படிக்கத் தெரியாத அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"மணிக்குன்னு தனியா இல்லியா?"

"இருக்கும்மா."

"அத மட்டும் நிப்பாட்டு. அவுக இருக்கட்டும்."

தமன்னா வாப்பாவை மறுபடி ‘ஆம்’ என்றும், மணியை மட்டும் ‘இல்லை’ என்றும் மாற்றி எழுதினாள். விளக்கு வந்தது. மின்விசிறி சுழன்றது. எங்கோ கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது.

மணி மட்டும் அடிக்கவில்லை. உம்மா உட்கார்ந்து, அந்தப் பாதித் தம்ளர் தண்ணீரைத் தானே குடித்தாள்.