ரெண்டு விரல் தள்ளி

என் புருஷனை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெண்டு விரல்’ என்றால்தான் தெரியும். தச்சு வேலை. உளுத்த கதவு நிலையையோ ஜன்னலையோ சரிசெய்யப் போனால், உளுத்த இடத்தோடு நிறுத்தமாட்டார். நல்ல மரத்திலும் இரண்டு விரல் அகலம் தள்ளித்தான் ரம்பம் இறங்கும். “நல்ல மரத்தை வீணாக்குறீங்களே” என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தால் ஒரே வசனம்தான்.

“வெட்டின துண்டுல ஒண்ணும் இல்லன்னா சந்தோஷப்படுங்க. மிச்சம் இருக்கறது சுத்தம்னு அர்த்தம்.”

அப்பேர்ப்பட்டவருக்குப் பித்தப்பையில் கல். பையை எடுத்துவிட்டு, கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார். பெற்ற மகளைக்கூட இவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை.

பரிசோதனைக்கு அனுப்பிய பையின் முடிவு வந்த அன்று குலுக்கல் நின்றது. பையின் சுவரில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம்.

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. “உள் சவ்வோட நின்னிருந்தா, பையை எடுத்ததே போதும்னு அனுப்பியிருப்பேன். இது தசை வரைக்கும் இறங்கியிருக்கு. ஸ்கேன்ல வேற எங்கயும் தெரியல. ஆனா கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம். அதனால இன்னொரு ஆபரேஷன். பை ஒட்டியிருந்த ஈரல்ல கொஞ்சமும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துடலாம்.”

“எடுத்தா பொழச்சுக்குவாரா?” என்று கேட்டேன்.

“இந்தக் கட்டத்துல முழுசா எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க பல வருஷம் நல்லா இருக்காங்க. சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா அப்படியே விட்டா திரும்ப வர வாய்ப்பு கூடும். வந்தா, அப்புறம் சமாளிக்கறது கஷ்டம்.”

இவர் எழுந்துவிட்டார். “அதான் பையையே எடுத்தாச்சே! இல்லாத பைக்கு எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?”

வீட்டுக்கு வந்தும் அதே பாட்டு. நான் அழுதேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். மகள் போனில் கெஞ்சினாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் சமையலறைப் பின்கதவின் நிலை அடியில் உளுத்துக் கிடந்தது. ஊர்க் கதவையெல்லாம் சரிபார்க்கிறவருக்கு வீட்டுக் கதவு எப்போதும் அடுத்த வாரம்தான். அன்று காலை, “இதையாவது பாருங்களேன்” என்றேன். ஆபரேஷன் பேச்சிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் உடனே ரம்பத்தோடு வந்து உட்கார்ந்தார்.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, உளுத்த இடம் முடிகிற விளிம்பிலேயே ஒரு கோடு போட்டேன்.

“இதோட நிறுத்துங்க. மேல நல்லாத்தானே இருக்கு.”

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? வெளிய நல்லாத்தான் தெரியும். உள்ள ஓடியிருந்தா? அடுத்த மழைக்கு மறுபடியும்...”

பேச்சு பாதியில் நின்றது. ரம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கதவு சும்மா சாக்கா?”

“கதவும் உளுத்துத்தான் கிடக்கு.”

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “பயமா இருக்குடி. போன தடவை கல்லுதானேன்னு தைரியமா படுத்தேன். இப்ப என்னன்னு தெரிஞ்சு போச்சு. மயக்க ஊசி போட்டா எழுந்திரிப்பேனான்னு இருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க இல்லன்னா நான் யாரைத் திட்டறது?”

என் கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார். “கோடு போடற லட்சணத்தைப் பாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு விரல் மேலே தள்ளித் தன் கோட்டைப் போட்டார். அன்று சாயங்காலமே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம்.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுத்தபடி டாக்டரம்மாவுக்கே யோசனை சொன்னார். “ரெண்டு விரல் தள்ளி வெட்டுங்கம்மா. அதான் சரி.”

“நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க” என்றார் அந்தப் புண்ணியவதி.

மயக்கம் தெளிந்து எழுந்தார். தையல் பிரித்த பிறகு முடிவும் வந்தது. ஈரல் துண்டிலும் புற்று இல்லை, முடிச்சுகளிலும் இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், தவறாமல் ஸ்கேனுக்கு மட்டும் வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. இவர் விலாவைத் தடவிப் பார்த்தார்.

“அப்ப ஒண்ணுமில்லாத நல்ல ஈரலையா வெட்டிட்டாங்க?”

இதற்காகத்தானே காத்திருந்தேன். “வெட்டின துண்டுல ஒண்ணும் இல்லன்னா சந்தோஷப்படுங்க” என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா எதிரிலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மீதியை அவரே மெதுவாகச் சொன்னார். “மிச்சம் இருக்கறது சுத்தம்னு அர்த்தம்.”