நீலம் வெளுப்பதற்குள்

குழிக்குள் கடைசிப் பிடி மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்த சிலுவைமுத்துவின் கையைச் சவரியப்பன் பிடித்துக்கொண்டார். இறந்துபோன இன்னாசியம்மாள் சிலுவைமுத்துவின் மனைவி, சவரியப்பனின் தங்கை.

"மாப்ள, அன்னாளுக்குத் தந்தி எப்ப அடிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"தங்கச்சி படுத்து ஒரு வாரமாச்சே."

"ஆமா மச்சான்."

சவரியப்பன் கையை உதறினார். ஒரே மகள் வந்து முகம் பார்க்காமல் தாயை அடக்கம் பண்ணிய மனுஷன் என்று ஆத்தூர் முழுக்கப் பேசும் என்றார். சிலுவைமுத்து மண் ஒட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நடந்தார்.

தந்தி வேண்டாம் என்று சொன்னவள் இன்னாசியம்மாள்தான். காமாலை முற்றிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று திண்டுக்கல் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் படுத்தபடியே சொன்னாள். அன்னாள் வேலை பார்க்கும் பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்தில், அவள் சோதனைக்கு வேண்டிய கருவி ஒருவருக்குக் கிடைப்பதே பெரும்பாடு. மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த வாரம்தான் அன்னாளின் முறை வந்திருந்தது.

மகள் செய்கிற வேலையை இன்னாசியம்மாள் ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்டுக் கேட்டுத் தன் போக்கில் புரிந்து வைத்திருந்தாள். பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் கொட்டிவிட்டு நிற்கும்போது பக்கத்துப் பெண்களுக்கும் சொல்வாள். உப்பில் இருக்கிற சோடியம் தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களில் ஒன்றைக் கொடுத்துவிடும். அதுதான் அதன் குணம் என்று பாடப்புத்தகமெல்லாம் சொல்கிறது. ஆனால் சோடியத்தை ஒருவகைத் திரவத்தில் கரைத்தால் கரைசல் நீலமாகிவிடும். அந்த நீலத்துக்குள் அது கொடுக்காமல், இன்னொன்றை வாங்கி வைத்துக்கொள்கிறதோ என்று அன்னாளுக்கு ஒரு சந்தேகம். பெரிய காந்தத்துக்கு நடுவே அந்தக் கரைசல் உள்ள குழாயை வைத்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், சோடியம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத் தக்க இடத்தில் கருவி தாளில் வரைகிற கோட்டில் ஒரு முகடு எழும்பும். நீலம் வெளுப்பதற்குள் பார்த்துவிட வேண்டும்.

"அவ இப்பக் கரைச்சு வச்சிருப்பா," என்றாள் வண்டிக்குள். "கூப்பிட்டா அம்புட்டும் வீணாப் போயிரும். நான் எப்படியும் போறவதான. பிள்ளை பாக்கட்டும்."

"அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு, "அவ தேடுனது தெரிஞ்சுச்சான்னு மட்டும் கேட்டுருங்க," என்றாள்.

அந்த வாரத்தில் தபாலாபீசுக்குப் போக அவர் சட்டையை எடுத்து மாட்டியதும், அவள் பார்வையைக் கண்டு கழற்றிப் போட்டதும் பலமுறை. மகள் எங்கே என்று கேட்டு வந்தவர்களுக்கு அவளே பதில் சொன்னாள். வேலையாக இருக்கிறாள் என்பாள். அதைச் சொல்கிறபோது மட்டும் மஞ்சள் பாய்ந்த அந்த முகம் தலையணையிலிருந்து கொஞ்சம் உயரும்.

அடக்கம் முடிந்து சில நாட்களில் அன்னாள் வந்து இறங்கினாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவளை நேரே கல்லறைக்குத்தான் கூட்டிப்போனார். நடந்ததையெல்லாம் போகிற வழியிலேயே சொல்லிவிட்டார். அவள் ஈரம் காயாத மண்மேட்டில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சொந்தபந்தம் முழுக்க முற்றத்தில் காத்திருந்தது. சவரியப்பன்தான் ஆரம்பித்தார். பெத்தவளைவிட மிஷின் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியாது மச்சான்," என்றார் சிலுவைமுத்து. "இன்னாசிதான் தந்தி அடிக்கக் கூடாதுன்னா. நான் அடிக்கலை." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னா. நீ தேடுனது தெரிஞ்சுச்சாம்மா?"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். சொல்லிவிட மாட்டாளா என்று சிலுவைமுத்துவுக்கே ஒரு கணம் தோன்றியது.

"இல்லப்பா," என்றாள் அன்னாள். "நீலம் நல்லாத்தான் நின்னுச்சு. நான் தேடுனது எழும்பலை. அதுக்காக இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. வேற திரவத்துல கரைச்சுப் பாக்கணும்."

முந்தின நாள் பறித்த பூவை, முந்தின நாள் பூ என்று சொல்லியே விற்றவள் இன்னாசியம்மாள். அதற்காகக் கைக்கு வந்த வியாபாரம் கைவிட்டுப் போனபோதும் அவள் குரல் இப்படித்தான் இருக்கும். சிலுவைமுத்துவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்பச் சீக்கிரம் போயிக் கரைச்சுப் பாரு," என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

சவரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழும்பவில்லை என்கிறாயே, எழும்பினால் அது பார்க்க எப்படித்தான் இருக்கும் என்று கேட்டார். அன்னாள் குந்தி உட்கார்ந்து, முற்றத்து மண்ணைக் கையால் நிரவி, விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். ஓரிடத்தில் மட்டும் அது குத்தாக ஏறி இறங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவந்து குனிந்து பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். சவரியப்பன் கடைசியாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்னாள் மண்ணில் இழுத்த கோட்டை மிதிக்காமல் சுவரோரமாகவே சுற்றிப்போய் வாசல் படலைத் திறந்தார்.