மிஸ் சொல்லும் வரை

மழலையர் பள்ளி முற்றத்தில் சைக்கிள் பழகிய நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் நிற்காமல் ஓட்டினாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகி இறங்கிவிட்டார்கள். ஆசிரியை முதலில் பெடல்களைக் கழற்றிவிட்டுக் காலால் உந்தி உருட்ட விடுவார். பிறகு பெடலை மாட்டி, சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக் குனிந்தபடியே கூட ஓடுவார். கையை எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: "நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது." ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அப்படிச் சொல்லிக் கையை எடுத்தவர், நாலடி நடந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரைத் தூக்கிப் போனபோது சிறுமி பதினோராவது சுற்றில் இருந்தாள்.

பிடித்து நிறுத்தப் போன காவலாளியைச் சைக்கிள் முப்பதடி இழுத்துச் சென்றது. அதன் பின் யாரும் கை வைக்கவில்லை. தூக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், கால் தன்பாட்டுக்கு மிதிக்கும். தலைமையாசிரியை சன்னல் வழியே பெயரைக் கூப்பிட, "உள்ளேன் மிஸ்" என்று கடந்து போவாள். சுற்றுக்கு ஓர் எழுத்தாக எழுத்தும் கற்றாள். சைக்கிள் கடைக்காரர் ஆண்டுக்கொரு முறை ஸ்பேனரோடு கூடவே ஓடி சீட்டை உயர்த்தினார். "என் சர்வீஸ்ல வாடிக்கையாளர் பின்னாடி இப்படி ஓடினதில்ல," என்று மூச்சு வாங்குவார். சலவைக்கடையில் தேய்க்கும் வேலை செய்த தாய், மூன்று வேளையும் தட்டோடு ஓடி ஊட்டினாள்.

மிஸ் இறந்துவிட்டார் என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள். "சரி. அப்ப நிறுத்தலாம்னு யார்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க?" என்று கேட்டுவிட்டு வளைவில் திரும்பிவிடுவாள்.

அதனால் தாய் வாரம் தவறாமல் ஆசிரியையின் கணவரிடம் போனாள். அவர் புத்தகம் பைண்டிங் செய்பவர். "அண்ணே, உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்கன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா."

"எங்கிட்ட எதுவும் சொல்லிட்டுப் போகலியேம்மா."

அது உண்மை. அன்று காலை அவர் கையெல்லாம் பசையோடு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். மனைவி பள்ளிக்குக் கிளம்பியபோது தலை நிமிரவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. மனைவியின் கடைசி வார்த்தை அந்த முற்றத்தில் இன்னும் அமலில் இருந்தது. அதை முடித்துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் வேலிக்கு வெளியே நின்று அது சுற்றுவதைப் பார்த்துவிட்டு வருவார்.

ஆறாம் ஆண்டில் தாயின் முழங்கால் விட்டுப்போனது. ஒரு ஞாயிறு, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தாள். மகள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரல்நுனியை மட்டும் தொட்டுப் போனாள். பைண்டர் அதை நாற்பது சுற்று பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய், மனைவி கையை எடுத்த இடத்தில் நின்றார்.

"நிறுத்தலாம்னு மிஸ் சொல்லச் சொன்னாங்க."

சிறுமி ஒரு சுற்று யோசித்தாள். "எப்ப சொன்னாங்க?"

"அன்னிக்குக் காலையில. வீட்டுல சொல்லிட்டுத்தான் கிளம்பினா."

அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. அன்று நாக்கு குழறவில்லை.

"இதை அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?" என்று கடிந்துகொண்டு பிரேக் பிடித்தாள். கால் தரையில் நிற்கவில்லை, மடங்கியது. தாய் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தைபோல் மடியில் வாரிக்கொண்டாள். மூன்று மாதத்தில் சிறுமி நடக்கப் பழகினாள்.

சைக்கிள் விழவில்லை. சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, ஆளில்லாமலே அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது. இப்போதும் சுற்றுகிறது. முதல் தேதியானால் கடைக்காரர் கூடவே ஓடிச் சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறார். பந்தெடுக்கப் போகும் பிள்ளைகள் இருபுறமும் பார்த்துப் போகிறார்கள். ஞாயிறு மாலைகளில் பைண்டர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அது அருகில் வரும்போது காலை மடக்கி வழிவிடுவார்.