நூற்றுக்கு அறுபது கட்டம்

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் தண்டாயுதபாணி லீவுக்கு நாமக்கல் பக்கம் அக்கா வசந்தாமணி வீட்டுக்கு வந்திருந்தான். வந்த நாலாம் நாள் பெரியப்பா அப்புசாமியின் பண்ணையில் கழிச்சல் நோய் புகுந்து, பொழுது சாய்வதற்குள் எண்ணூறு கோழி செத்துப்போனது.

அந்த ஊரில் கோழி செத்தாலும் பங்காளிகள் துக்கம் விசாரிக்கப் போயாக வேண்டும். போகிறவர்கள் சும்மாவா வருவார்கள்? கொட்டகைக்குள் நுழைந்து, செத்ததைப் புரட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு அதே காலோடு தங்கள் கொட்டகைக்குப் போவார்கள். அட, விவரங்கெட்ட ஜனங்களே!

நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படித் தொற்றிப் போகிறது என்பதைத்தான் தண்டாயுதபாணி மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். கட்டத்தாளை எடுத்து, கண்ட கண்ட இடத்தில் கட்டங்களைக் கறுப்படித்து அக்காவிடம் காட்டினான்.

"கறுப்புக் கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு கோழிக் கொட்டாய்னு வெச்சுக்குங்க. நூத்துக்கு அம்பது கட்டம் கறுப்பா இருந்தா அங்கங்க திட்டுத் திட்டாத்தான் நிக்குதுங்கக்கா. அறுபது ஆச்சுன்னா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒண்ணோடொண்ணு தொட்டுக்குது. நோய்க்கு வழி கெடைச்சிரும். நம்மூர்ல கொட்டாய் தள்ளித் தள்ளித்தான் இருக்கு, மனுசங்க நடந்து நடந்து சேத்து வெக்கறாங்க. நீங்க போயராதீங்க."

வசந்தாமணி புருஷனை இழந்தவள். இரண்டாயிரம் கோழிகள்தான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு. தம்பி சொன்னதை அப்படியே கேட்டாள். கொட்டகையின் இரும்புக் கேட்டைச் சாத்தினாள்; துக்கம் விசாரிக்கப் போகவில்லை. "பெரியப்பன் ஊட்டுக்கே போகாதவளா? என்ன நெஞ்சழுத்தம்!" என்று பங்காளி வீட்டுக் காளியாத்தாள் தெருவில் நின்று ஏசினாள். வசந்தாமணி பாட்டுக்குக் கோழிகளுக்குத் தீவனம் அளந்துகொண்டிருந்தாள்.

தண்டாயுதபாணிக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவுக்கு வந்த கெட்ட பேரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று, அவளிடம் சொல்லாமல் பெரியப்பா பண்ணைக்குப் போனான். வாசலோடு திரும்பிவிடத்தான் நினைத்தான். கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எப்படி உதறுவது? கூடவே நின்று செத்த கோழிகளைக் குழியில் தள்ளிவிட்டு வந்தான். கைகாலைக் கழுவினான். சாயங்காலம் வழக்கம்போல அக்காவின் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தான்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் அங்கேயும் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டன. பத்து நாளில் கொட்டகை காலி. துக்கம் கேட்க ஒருத்தரும் வரவில்லை. பெரியப்பா பண்ணைக்குப் போய்வந்ததை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தண்டாயுதபாணி தினமும் நினைத்தான்; அவள் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். படித்த படிப்பே அவனுக்குக் கசந்தது.

கடைசியில் அப்புசாமி மட்டும் வந்தார்.

"நீ வரலீன்னாலும் எனக்கு வருத்தமில்லம்மிணி. அன்னிக்கு உந்தம்பி வந்து, எம்பட கோழிய அவங்கையால அள்ளிப் போட்டான். அத நா மறப்பனா?"

வசந்தாமணி தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியப்பாவை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"போனது தப்பில்ல சாமி" என்றாள் அப்புறம். "எங்கிட்டச் சொல்லியிருந்தா, அன்னிக்குத் தண்ணிய நானே வெச்சிருப்பனே."