தமதாவைக் கேட்காமல் எழக் கூடாது

திபிலிசியில் மல்காஸ் நடத்தும் கம்பெனியில் முதலாளியே கிடையாது. அப்படிச் சொன்னது மல்காஸ்தான். அவர் சொன்னால் அப்பீல் இல்லை. எல்லாரும் அவரைப் பேர் சொல்லி, நீ போட்டுத்தான் கூப்பிட வேண்டும். தவறி "நீங்க" என்றால் முகம் சுண்டிப்போகும். எந்த முடிவானாலும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் காரியம் நடக்காது. அந்த ஒருவர் இதுவரை மல்காஸைத் தவிர வேறு யாராகவும் இருந்ததில்லை.

அங்கே வேலை பார்க்கும் லம்சீராவுக்குக் குத்தாயிசி ஊரில் தங்கை கல்யாணம். ஒரு வாரம் லீவு கேட்டாள். வட்டம் கூடியது, எல்லாரும் சரி என்றார்கள்.

"நான் யாரு தடுக்க? உங்கள்ல ஒருத்தன்," என்றார் மல்காஸ். "ஆனா என்னமோ மனசுக்குச் சரியாப் படல."

சரி சொன்ன தலைகள் எல்லாம் குனிந்துகொண்டன. லம்சீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசாரத் திட்டுவதற்காவது ஒரு முதலாளி வேண்டாமா?

அன்று மாலை கம்பெனி விருந்து. அந்த ஊரில் விருந்து என்றால் அதை நடத்தத் தமதா ஒருவர் வேண்டும். அவர் வாழ்த்துச் சொன்னால்தான் யாரும் கோப்பையைத் தூக்கலாம். அவரைக் கேட்காமல் மேஜையை விட்டு எழக் கூடாது. மந்திரியே வந்து உட்கார்ந்தாலும் இதுதான் சட்டம்.

"எப்பவும் ஆம்பளைங்கதானே? இன்னைக்கு லம்சீரா தமதாவா இருக்கட்டும். சமத்துவம்னா சமத்துவம்!" என்று மல்காஸே முதலில் கைதட்டினார்.

லம்சீரா எழுந்தாள். நாட்டுக்கு ஒரு வாழ்த்து, செத்துப்போனவர்களுக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மல்காஸ் மாட்டுக்கொம்பு நிறைய ஒயினை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்றாள். தமதா சொல்லைத் தட்ட முடியுமா? குடித்தார். அடுத்த வாழ்த்து சமத்துவத்துக்கு. அது போய்க்கொண்டே இருந்தது. மல்காஸ் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார்.

"தமதா, ஒரு நிமிஷம்... பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"நான் யாரு தடுக்க? உங்கள்ல ஒருத்தி," என்றாள் லம்சீரா. "எல்லாருமா பேசி முடிவு பண்ணிடுவோம். யாருக்காவது மனசுக்குச் சரியாப் படலையா?"

எதிரில் இருந்த கணக்காளர் ஓத்தார் மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கு என்னமோ..."

"டேய் ஓத்தார்!" மல்காஸுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "லம்சீரா, விளையாடாதே. நீ கல்யாணத்துக்குப் போ. ரெண்டு வாரம்கூடப் போ!"

"அதை வட்டம்தானே சொல்லணும்?"

"வட்டமாவது சட்டமாவது! முதலாளி நான் சொல்றேன், போ!"

லம்சீரா கோப்பையை உயர்த்தினாள்.

"நம்ம முதலாளிக்கு!"

எல்லாரும் எழுந்து நின்று, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

"இப்ப நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.